சொல்லாமல் நழுவிய முள்ளம்பன்றி

மூங்கில் காட்டு விலங்குகள் சேர்ந்து ஒரு தீயணைப்புப் படை வைத்திருந்தன. சம்பளம் கிடையாது, சாப்பாடும் கிடையாது. தீப்பிடித்தால் போட்டது போட்டபடி ஓடி வர வேண்டும், அவ்வளவுதான்!

வாரத்துக்கு ஒரு நாள் ஓடைக்கரையில் பயிற்சி நடக்கும். காட்டுப்பன்றி கட்டையன் மண்ணைக் கிளறிப் போடுவான். மற்றவர்கள் சருகைத் தள்ளிவிட்டு, பச்சைத் தழையால் தரையை அடித்துப் பழகுவார்கள். தலைவி, கீரி செம்பி. ஆள் சிறிசு, அதட்டல் பெரிசு!

“தீக்கு முன்னால ஜோடி ஜோடியாத்தான் நிக்கணும்! இடத்தை விட்டு நகர்ந்தா ஜோடிகிட்ட சொல்லிட்டுத்தான் நகரணும். ஒண்ணுக்குப் போனாலும் சொல்லணும்!”

எல்லாரும் சிரித்தார்கள். முள்ளம்பன்றி கூரான்தான் விழுந்து விழுந்து சிரித்தான்.

“சிறுத்தையே என்னைக் கண்டா ஒதுங்கிப் போகும். தீ எனக்கு எம்மாத்திரம்?” என்று மார்தட்டினான். செம்பியும் அதை நம்பி, அவனைத் தன் ஜோடியாக முன்வரிசையில் நிறுத்தினாள். பயிற்சியில் தழை இருந்தது, மண் இருந்தது, தீ மட்டும் இல்லை. இது அந்த மகராசனுக்கு உறைக்கவே இல்லை!

சித்திரை மாதம், உச்சி வெயில். மேட்டிலிருந்து மயில் அலறியது. “தீ! தீ!”

படை ஓடியது. புகை கண்ணைக் கரித்தது. மூங்கில் கணுக்கள் படார் படார் என்று வெடித்தன. கூரான் ஓரடி பின்வாங்கினான்.

‘செம்பி, எனக்குப் பயமா இருக்கு’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். இத்தனை நாள் பேசிய பேச்சு என்னாவது? சொல்ல வந்ததை அப்படியே விழுங்கிவிட்டான்.

செம்பி புதுத் தழை ஒடிக்கத் திரும்பினாள். அந்தச் சமயம் பார்த்து நழுவினான். ஓடையைத் தாண்டி ஒரு பாறை இடுக்கில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சற்று நேரத்தில் காற்று திசை மாறியது. தீ படையின் பக்கம் திரும்பியது.

“விட்டுடுங்க! எல்லாரும் ஓடைக்கு வாங்க!” என்று கத்தினாள் செம்பி. கரை சேர்ந்ததும் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

“கட்டையா!”

“இருக்கேன்!”

“கூரா!”

பதில் இல்லை.

எதிர்க்கரையில் கூரானுக்கு அது நன்றாகவே கேட்டது. ‘இப்போ எழுந்து போனா மானம் போயிடும். தீ அடங்கட்டும், ஏதாவது கதை விட்டுக்கலாம்’ என்று பேசாமல் கிடந்தான்.

“கூரா! டேய் கூரா!” செம்பியின் குரல் உடைந்தது. “ஐயோ, என் பக்கத்துலதானே நின்னான்! உள்ளே மாட்டிக்கிட்டான்!”

“போகாதே செம்பி! போனா திரும்ப மாட்டே!” என்றான் கட்டையன்.

“அவன் என் ஜோடி!”

அவள் புகைக்குள் பாய்ந்துவிட்டாள்.

கூரானுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “செம்பி! நான் இங்கே இருக்கேன்! போகாதே!” என்று கதறியபடி ஓடையில் விழுந்து ஓடி வந்தான். மூங்கில் வெடித்த சத்தத்தில் அவன் குரல் யாருக்குக் கேட்கும்?

கட்டையன் திரும்பிப் பார்த்தான். “அடப்பாவி! நீ இங்கேயா இருந்தே?”

அதற்குமேல் பேச நேரமில்லை. தண்ணீரில் புரண்டு எழுந்து அவனும் உள்ளே ஓடினான்.

கூரான் கரையில் நின்றான். இப்போது வந்த பயத்துக்கு முன்னால், தீயைக் கண்டு பயந்த பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. புகையையே பார்த்துக்கொண்டு, “வந்துடு, செம்பி, வந்துடு” என்று முனகினான்.

கடைசியில் கட்டையன் வந்தான். வாயில் செம்பியைக் கவ்வியிருந்தான். அவள் உடம்பில் பாதி ரோமம் பொசுங்கியிருந்தது. இரண்டு கண்களும் வெந்து மூடியிருந்தன.

“கூரான் கிடைச்சானா?” என்று கேட்டாள்.

“இங்கேதான் இருக்கேன், செம்பி” என்று அழுதான் கூரான். “பயந்து ஓடிட்டேன்.”

செம்பி குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

“பயமா? எனக்குந்தாண்டா நடுங்குச்சு! ஒரு வார்த்தை சொல்லியிருந்தா உன்னை ஓடைப் பக்கம் நிறுத்தியிருப்பேனே!”

செம்பி பிழைத்துக்கொண்டாள்; அந்தக் கண்கள் மட்டும் அதன்பிறகு திறக்கவே இல்லை.

பயப்படுவது குற்றமில்லை; ஆனால் பயத்தை மறைத்துச் சொல்லாமல் நழுவுகிறவன், தன்னை நம்பிப் பக்கத்தில் நிற்பவரைத் தீயில் தள்ளிவிடுகிறான்.