அனுமார் பலகை

செண்பகக்கோட்டை ராஜா விஜயகேசரி நல்லவர்தான். ஆனால் காது ரொம்ப இளகினது. அன்றைக்கு யார் கடைசியாக வந்து பேசினார்களோ, அவர்கள் சொன்னதுதான் அவருக்கு வேதவாக்கு.

அந்த வருஷம் அரண்மனைக் கூடத்தில் ராமாயண பாராயணம் நடந்துகொண்டிருந்தது. வாசித்தவர் சடகோபாச்சாரியார். ராமாயணம் வாசிக்கிற இடத்துக்கு அனுமார் தவறாமல் வந்து உட்கார்ந்து கேட்பார் என்பது ஐதீகம். அதனால் ஆச்சாரியார் தினமும் தமக்கு எதிரே கோலமிட்ட பலகை ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஒரு துளசிக் கொத்தை வைத்துவிட்டுத்தான் ஏட்டைப் பிரிப்பார். "எனக்கு அவர் ஒருத்தர் கேட்டால் போதும்" என்பார். கூடத்தில் பாதிப் பேர் தூங்கி வழிவதைப் பார்த்தால் அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

பிரதானி நரசப்பருக்கு ஒரு மச்சினன். வேலைவெட்டி இல்லாமல் அக்கா வீட்டுச் சாப்பாட்டில் கொழுத்துக் கிடந்தான். அவனை எப்படியாவது அரண்மனையில் பாராயணக்காரனாக நுழைத்துவிட வேண்டும் என்று பிரதானிக்கு ஆசை. ராமர் பட்டாபிஷேகம் வாசித்து முடிக்க வேண்டிய நாளுக்கு முதல் நாள் ராஜாவின் காதில் மெல்ல ஓதினார்.

"மகாராஜா, இத்தனை நாளாப் பலகை போடறாரே, யாராவது வந்து உட்கார்ந்து பார்த்தீங்களா?"

ராஜா பலகையைப் பார்த்தார். துளசிதான் இருந்தது.

"ஆச்சாரியாரே! அனுமார் எங்கே? எனக்கு ஒருத்தரையும் காணோமே?"

"வந்திருக்கார், மகாராஜா. நம்ம கண்ணுக்குத் தெரியறதில்லே" என்றார் ஆச்சாரியார்.

"அதெல்லாம் ஆகாது. நாளைக்கு வாசிப்பு முடியறதுக்குள்ளே அவரைக் காட்டணும். இல்லேன்னா உம்ம பாராயணம் வெறும் வாய்ச்சவடால். நீர் மூட்டையைக் கட்டலாம். பிரதானியோட மச்சினன் வாசிப்பான்."

ஆச்சாரியார் ஏட்டை மூடினார். வீட்டில் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். நிறைமாசம். அவளை வண்டியில் ஏற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போவது?

அப்போது தூண் ஓரமாக வெற்றிலை மென்றுகொண்டிருந்த உத்தண்டி எழுந்தான். அரண்மனை விதூஷகன். ராஜாவிடம் வாய்விட்டுப் பேசத் துணிந்தவன் அந்தக் கோட்டையில் அவன் ஒருவன்தான்.

"மகாராஜா, அனுமாரைப் பார்த்ததா யார் சொன்னா ஒத்துக்குவீங்க?"

"மத்தவன் சொன்னா நான் ஏன் நம்பணும்? என் வாயாலேயே வரணும்."

"வந்துட்டா?"

"ஆச்சாரியார் உயிரோட இருக்கிறவரைக்கும் இந்தக் கூடம் அவருக்கு. நீ கேட்டது உனக்கு. போதுமா?"

"போதும்" என்றான் உத்தண்டி.

வெளியே வந்ததும் ஆச்சாரியார் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "அடப்பாவி, அனுமாரை எங்கேயிருந்துடா கொண்டுவரப் போறே? குரங்கு கிரங்கு பிடிச்சுண்டு வந்துடாதே!"

"நீங்க வழக்கம்போல வாசிங்க சாமி. மத்தது என் பாடு."

அன்று சாயங்காலமே உத்தண்டி ஊருக்குள் தண்டோரா போட்டுவிட்டான். நாளைக்கு அரண்மனையில் அனுமார் தரிசனம், யார் வேண்டுமானாலும் வரலாம் என்று. கேட்க வேண்டுமா? மறுநாள் விடிந்ததும் ஊரே கூடத்துக்குள் வந்து அடைந்தது. கைக்குழந்தைக்காரிகள், தறிக்காரர்கள், கோட்டைக் காவல்காரர்கள் எல்லாரும் தொடையோடு தொடை இடிக்க உட்கார்ந்தார்கள். ராஜா வழக்கமாக உட்காரும் ரத்தினக் கம்பளத்தில் உத்தண்டி நாலு கிழவிகளைக் கொண்டுபோய் மரியாதையாக உட்கார்த்தி வைத்தான். சிம்மாசனமும் கிடையாது. ஏடு பீடத்தில் இருக்கும்போது அதைவிட உயரத்தில் யாரும் உட்காரக் கூடாதென்று பாராயணம் தொடங்கிய அன்றே அதை எடுத்துவிட்டார்கள்.

ராஜா எண்ணெய் தேய்த்துக் குளித்து, சாவகாசமாக வந்தார். பின்னாலேயே பிரதானியும் மச்சினனும். கால் வைக்க இடமில்லை. கூட்டம் எழுந்து வழிவிட, மூவரும் எப்படியோ முன்னால் வந்து நின்றார்கள். ஆச்சாரியார் நிமிராமல் வாசித்துக்கொண்டிருந்தார். பயத்தில் குரல் நடுங்கத்தான் செய்தது. ஆனால் பரதன் அண்ணனைக் கண்டு ஓடிவந்து காலில் விழுகிற இடம் வந்ததும் அவர் ராஜாவையும் மறந்தார், மூட்டை முடிச்சையும் மறந்தார். கண்ணீர் வழிய வழிய வாசித்தார். கிழவிகள் விசும்பினார்கள்.

ராஜாவுக்கோ முழங்கால் வாதம். சற்று நேரத்தில் வலி தாங்கவில்லை.

"உத்தண்டி, உட்கார ஒரு இடம் பாருடா" என்று முனகினார்.

"இதோ, பலகை காலியாத்தானே கிடக்கு! தாராளமா உட்காருங்க."

ராஜா பலகையைப் பார்த்தார். ஒரு காலைத் தூக்கினார். வாசிப்பு நின்றது. கூடம் முழுக்க அவர் காலையே பார்த்தது. தூக்கிய காலை ராஜா மெல்ல இறக்கிக்கொண்டார்.

"நரசப்பரே, நீர் உட்காரும்."

பிரதானி ஓரடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு... நிக்கிறதுதான் சௌகரியம், மகாராஜா."

"உம்ம மச்சினன்?"

மச்சினன் ஏற்கெனவே தூணுக்குப் பின்னால் போயிருந்தான்.

"யாருமே இல்லாத பலகைக்கு இவ்வளவு யோசனையா?" என்றான் உத்தண்டி. "கால் வலியோட ஏன் நிக்கணும்? உட்காருங்க மகாராஜா, உட்காருங்க."

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"டேய், உனக்கு அறிவு இருக்கா? அனுமார் உட்கார்ந்திருக்கிற இடத்திலே என்னைப் போய் உட்காரச் சொல்றியே!"

ராஜா தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார்.

உத்தண்டி ஆச்சாரியார் பக்கம் திரும்பினான். "சாமி, காதிலே விழுந்துதா? மேலே வாசிங்க."

ஆச்சாரியார் மேல்வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ராஜா முதலில் முறைத்தார். பிறகு தோள் குலுங்கிற்று. பிறகு கூடமே அதிரச் சிரித்தார். "ஜெயிச்சுட்டேடா! ஆச்சாரியாருக்குத்தான் இந்தக் கூடம். உனக்கு என்ன வேணும், கேளு" என்று சொல்லிக்கொண்டே, பலகையை ஒட்டி வெறும் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

உத்தண்டி பலகையையும் பார்த்தான், ராஜாவையும் பார்த்தான். குனிந்து, ராஜாவின் காதருகே பணிவாகச் சொன்னான்.

"வேற ஒண்ணும் வேண்டாம். கொஞ்சம் தள்ளி உட்காருங்க மகாராஜா. வால் மேலே உட்கார்ந்திருக்கீங்க."

ராஜா பதறிப்போய் நகர்ந்து உட்கார்ந்தார்.