நாற்காலிச் சூடு

எழுபத்தாறு வயதுச் சீடர் முப்பத்தாறு வயதுக் குருவின் காலில் விழுந்தார். விழுந்ததென்னவோ சுலபம்தான். எழுந்திருக்கக் குருவே கைகொடுக்க வேண்டியிருந்தது.

சீடர் பொன்னுரங்கம், மலைமேல் ஒரு தேயிலைக் கம்பெனியின் தலைவர். அவருடைய அப்பா உண்டாக்கிய தோட்டம் அது. குரு, மலையடிவாரத்து மடத்தின் சாமி. மூத்த சாமி உயிரோடு இருக்கும்போதே இவரைக் குருவுக்குரிய பலகையில் உட்கார வைத்துவிட்டு, தான் இறங்கிப் பாயில் உட்கார்ந்துகொண்டார். ஊரே வாயைப் பிளந்தது. பொன்னுரங்கமும்தான்.

“சாமி, தோட்டத்துல மோகனப்பிரியான்னு ஒரு பொண்ணு மேனேஜரா இருக்குது. முப்பது வயசுகூட ஆகலை. போர்டுல இடம் குடுங்கன்னு கேக்குது. இல்லீன்னா இன்னிக்கே வேலைய விட்டுட்டுக் கிளம்பிருவேங்குது.”

“எதுக்குக் கேக்குது?”

“கிழக்குச் சரிவுல செடியெல்லாம் கிழடு தட்டிருச்சுங்க. பிடுங்கிட்டுப் புதுசா நடணும்னு சொல்லிச் சொல்லிப் பாத்துது. நாங்க தள்ளிப்போட்டுட்டே இருக்கறோம்.”

“அது சொல்றது நிசந்தானா?”

“நிசந்தானுங்க. இப்படியே உட்டா தோட்டம் எனக்கப்புறம் தாங்காது. ஆனா சின்னப் பொண்ணு. தப்புப் பண்ணிருச்சுன்னா?”

“பண்ணும். பலகைல ஏறின புதுசுல நானும் பண்ணினேன். மூத்த சாமி கீழ உக்காந்துட்டு வெளுத்து வாங்கினாரு. திட்டறதுக்கு அவருக்கு நாக்கு இருந்துச்சு.”

பொன்னுரங்கம் தலையைக் குனிந்துகொண்டார். “எங்கப்பா என்னைத் திட்டினதே இல்லீங்க.”

“அவ்வளவு பாசமா?”

“உக்கார வெச்சாத்தானே சாமி திட்டறதுக்கு?”

அதுவும் வாஸ்தவம். அப்பா கண்ணை மூடிய பிறகுதான் பொன்னுரங்கத்துக்குப் போர்டில் இடமே கிடைத்தது. அதற்குள் அவருக்கே தலை நரைத்துவிட்டது. ஒரு சந்தேகம் கேட்க ஆளில்லாமல் திண்டாடிப் போனார், பாவம்.

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். “வாங்க. உங்க மீட்டிங்கைப் பாப்போம்.”

மலைமேல் பட்டப்பகலிலேயே வெண்புகையாக மஞ்சு இறங்கியிருந்தது. மீட்டிங் அறையில் விளக்குப் போட்டிருந்தும் ஆள் முகம் மங்கலாகத்தான் தெரிந்தது. மேஜையைச் சுற்றி ஆறு நாற்காலிகள். மூன்றில் பொன்னுரங்கமும், அவர் வயதொத்த நாச்சிமுத்துவும், பாதித் தூக்கத்தில் ஆடிட்டரும். மற்ற மூன்றில் ஆளில்லை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சால்வை மட்டும் போர்த்தியிருந்தது.

செத்துப்போன டைரக்டரின் நாற்காலியை அந்தக் கம்பெனியில் எடுப்பதில்லை. எந்த முடிவென்றாலும் அவர்களையும் ஒரு வார்த்தை கேட்பார்கள். சிரிக்காதீர்கள், நிஜமாகவே கேட்பார்கள்.

மோகனப்பிரியா கதவோரம் நின்றபடி பேசினாள். அவளுக்கு நாற்காலி இல்லை.

“இன்னிக்கு நட்டா நல்லாக் கொழுந்து எடுக்க ஏழெட்டு வருஷம் ஆகும் சார். அப்ப இந்த மேஜைல யார் இருப்பீங்க?”

நாச்சிமுத்து செருமிக்கொண்டு, மேஜையின் தலைப்பக்கம் சால்வை போர்த்தியிருந்த பெரிய நாற்காலியைப் பார்த்தார். “முதலாளி என்ன சொல்லியிருப்பாரு?”

“என் கையால வெச்ச செடி, எவனும் தொடாதீங்கடான்னு சொல்லியிருப்பாரு,” என்றார் பொன்னுரங்கம்.

சொன்ன பிறகுதான் அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. வாய் அவருடையதுதான். குரல் அப்பாவுடையது. இத்தனை வருஷமாக அது காதில் விழாமலே இருந்திருக்கிறது.

“சரிங்க சார், நான் வரேன்,” என்று மோகனப்பிரியா கும்பிட்டுவிட்டு வெளியே போனாள்.

மூலையில் நின்றிருந்த சாமி மெதுவாக வந்து, சால்வை போர்த்திய நாற்காலி ஒவ்வொன்றிலும் உட்காரும் இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பெரிய நாற்காலியில் கையை வைத்தபடி கேட்டார்.

“இங்க இருந்தவரு எங்க?”

“யாருங்க சாமி?”

“உக்காந்திருந்த சூடு அப்படியே இருக்கே.”

நாச்சிமுத்து சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லாமல் நிறுத்திக்கொண்டார். பொன்னுரங்கம் போய்த் தொட்டார். சுட்டது. காலையிலிருந்து ஒரு ஆள் அசையாமல் உட்கார்ந்திருந்தால் எப்படிச் சுடுமோ அப்படி. அப்பா செத்ததிலிருந்து அதில் ஒரு ஈ, எறும்பு உட்கார்ந்ததில்லை. மற்ற இரண்டும் அதே மாதிரிதான் சுட்டன.

“இப்ப உங்களதைத் தொடுங்க.”

தன் நாற்காலியைத் தொட்டவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்த இடம் ஐஸ்கட்டி போல இருந்தது. நாச்சிமுத்து சத்தமில்லாமல் எழுந்து தன்னுடையதையும் தடவினார். அதன்பின் அவர் உட்காரவில்லை.

பொன்னுரங்கம் தன் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார்.

“சாமி... நான் இருக்கறேனுங்களா?”

“சித்தே முன்னாடி பேசினது நீங்களா?”

வாசலில் ஜீப் உறுமியது. பொன்னுரங்கம் செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினார். கதவில் முட்டி இடித்துக்கொண்டது. “அம்மிணி! நில்லு! நில்லாயா!” என்று மஞ்சுக்குள் கத்தினார். அவளைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்து பெரிய நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினார். சால்வையைப் பிடித்து இழுத்தார்.

வரவில்லை.

மறுபடி இழுத்தார். ஆணி இல்லை, முடிச்சு இல்லை. யாரோ முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிற மாதிரி அந்தப் பக்கம் கனத்தது. ஆடிட்டர் இப்போது நன்றாக விழித்துக்கொண்டிருந்தார்.

பொன்னுரங்கத்துக்குச் சின்னப் பிள்ளை மாதிரி அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

“அப்பா,” என்றார். “உடுங்கப்பா.”

சால்வை பொத்தென்று அவர் கையில் விழுந்தது.

“உக்காரு அம்மிணி.”

“சார், இது பெரிய முதலாளியோட...”

“உக்காருன்னேன்.”

உட்கார்ந்தவள் தோளைக் குறுக்கிக்கொண்டாள். “ஐயோ, சில்லுனு இருக்குங்க சார்!”

பொன்னுரங்கம் தன் இடத்துக்குப் போய், பயந்து பயந்து உட்கார்ந்தார். கதகதவென்று இருந்தது. சால்வையை மடிமேல் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

“கிழக்குச் சரிவை முதல்ல இருந்து சொல்லு. தப்பாச் சொன்னியோ, திட்டுவேன்.”

அவள் சொல்ல ஆரம்பித்தாள். சாமி வாசற்படி தாண்டப் போனார். பொன்னுரங்கத்துக்கு மனசு கேட்கவில்லை. எட்டிக் கூப்பிட்டார்.

“சாமி, அப்பா கோவிச்சுட்டுப் போயிட்டாருங்களா?”

“கோவமா? எந்திரிச்சுப் போகணும்னு அந்த மனுசன் எத்தனை வருஷமாத் தவிச்சாரோ. நீங்க உட்டாத்தானே?”