டிவிக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி

"நாப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வேணும். சின்னதா இருக்கணும். ஹால்ல டிவிக்குப் பக்கத்துல வைக்கப்போறேன். முடியுமா, முடியாதா?"

கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்தெட்டு. திருச்சியில் ஒரு பஸ் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கில் முப்பத்திரண்டு வருடம் பொறுப்பாளராக இருந்துவிட்டு, அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார்.

எதிரே உட்கார்ந்திருந்தவர் ஜெனிட்டா. வயது முப்பத்தொன்று. ஜெராக்ஸ் கடை மாடியில் சொந்தமாகக் கடை வைத்து, கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கிறவர். தணிகாசலம் படியேறி வந்ததும் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, ஓனர் எப்ப வருவாரு?" என்பது.

ஜெனிட்டா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரத்துக்கு நான்கு பேராவது அப்படிக் கேட்கிறார்கள்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம் உண்டு. பாகங்களை விற்பார், எது எதில் போகும் என்று காட்டுவார், மாட்டித் தர மாட்டார். வாங்கியவரே மாட்ட வேண்டும். மாட்டித் தருகிற கடைகள் தெருவில் ஏழு இருக்கின்றன, அங்கே போகலாம் என்று வழியும் சொல்வார். கொழுப்பு பிடித்தவள் என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஆனாலும் வந்தார்கள்.

"முடியும் சார். யார் விளையாட?"

பேரன் என்று சொல்ல வாயெடுத்தார் தணிகாசலம். அவருக்குப் பேரன் கிடையாது. மகளுக்கே போன வருடம்தான் கல்யாணம் ஆனது.

"வீட்டுக்காரம்மா," என்றார்.

ஜெனிட்டா சிரிக்கவில்லை. அதனால் மீதியும் வெளியே வந்தது.

அவர் மனைவி பங்கஜவல்லி செல்போனில் கார் ரேஸ் விளையாடுவார். மத்தியான வேலை முடிந்ததும் ஹாலில் தரையில் உட்கார்ந்து, வளைவு வந்தால் உடம்பையும் சேர்த்து வளைத்து, குறுக்கே வருகிற காரைப் பல்லைக் கடித்துக்கொண்டு திட்டுவார். நன்றாகவே ஓட்டுவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். அவர்களைச் சிரிக்க வைக்க வேண்டுமே என்று தணிகாசலம் ஒன்று சொன்னார். எங்க வீட்டுல ஒரு டிரைவர் இருக்கா, லைசென்ஸும் கிடையாது, மூளையும் கிடையாது.

எல்லோரும் சிரித்தார்கள். பங்கஜவல்லியும் சிரித்துக்கொண்டே காபி கொடுத்தார்.

மறுநாள் போனில் அந்த விளையாட்டு இல்லை. அதன் பிறகு ஹாலுக்கும் அவர் அதிகம் வருவதில்லை. கேட்டால் பதில் உண்டு. சாப்பிடலாமா என்றால் சாப்பிடலாம். கடைக்குப் போகட்டுமா என்றால் போங்க. அவராக ஒரு வார்த்தை எடுப்பதில்லை.

வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவரை தணிகாசலத்துக்கு இது உறைக்கவில்லை. ஓய்வு பெற்று நாள் முழுக்க வீட்டில் இருக்க ஆரம்பித்ததும் அந்த அமைதியை அவரால் தாங்க முடியவில்லை. பயமாகக்கூட இருந்தது. இன்னும் இருபது வருடம் இப்படியே போய்விடுமோ என்று.

"பெரிய டிவியில நல்ல ரேஸா போட்டுக் குடுத்தா வந்து உக்காருவா இல்ல?" என்று கேட்டார்.

"டிவி ஸ்டாண்டுல எவ்வளவு இடம் இருக்கு சார்?"

அவருக்குத் தெரியவில்லை.

"அளந்துட்டு வாங்க."

அன்றைக்கு அவ்வளவுதான்.

மறுநாள் வந்தார். நீளம், அகலம், உயரம், பின்பக்கச் சுவருக்கும் ஸ்டாண்டுக்கும் உள்ள இடைவெளி எல்லாம் மில்லிமீட்டரில் எழுதியிருந்தார். அந்தத் தாளைக் கசங்காமல் ஒரு பாலிதீன் உறைக்குள் போட்டிருந்தார்.

ஜெனிட்டா உறையைப் பார்த்தார். தாளைப் படித்தார். எங்கே உட்கார்ந்து விளையாடுவார்கள் என்று கேட்டார். கையில் பிடித்து விளையாடுகிற கன்ட்ரோலர் ஒயரோடு போதுமா, ஒயர் இல்லாமல் வேண்டுமா என்று தெரிய வேண்டும்.

"சோபா இருக்கு. ஒன்பது வருஷம் ஆச்சு. கடையில இருந்து வந்த பிளாஸ்டிக் கவரக்கூட இன்னும் பிரிக்கல. புதுசு மாதிரியே இருக்கு." தணிகாசலத்துக்கு அதில் பெருமை.

"அதுல யார் உக்காருவாங்க?"

"விருந்தாளி வந்தா உக்காருவாங்க. எனக்குச் சேர் இருக்கு."

"அவங்க?"

"தரையிலதான். கவர் முதுகுல ஒட்டுதாம்."

ஜெனிட்டா ஒரு துண்டுச்சீட்டில் எழுதினார்: சோபா, விருந்தாளி. தரை, மனைவி. அதை மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகிக்கொண்டார். ஒயர் இல்லாததே வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

பாகங்களை உள்ளே மாட்டுகிற பெட்டி வந்தது. செருப்புக் கடைப் பெட்டியைவிடக் கொஞ்சம்தான் பெரியது. தணிகாசலத்துக்குப் பிடித்துப்போனது.

கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில்தான் இழுபறி. படம் காட்டுவதே அதுதான், அது பெரிதாக இருந்தால்தான் ரேஸ் நன்றாக ஓடும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். மூன்று விசிறி வைத்த ஒன்றைக் காட்டி, அதுதான் வேண்டும் என்றார்.

ஜெனிட்டா அந்தக் கார்டை எடுத்துப் பெட்டிக்கு மேலே வைத்தார். இரண்டு விரல் நீளம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

தணிகாசலம் ஒற்றை விசிறி வைத்த, யாரோ ஒரு வருடம் ஓட்டிய குட்டைக் கார்டை எடுத்துக்கொண்டார். விலையும் பாதிதான். பட்ஜெட்டில் மிச்சம்கூட வந்தது.

இங்கேயே மேசையில் உட்கார்ந்து மாட்டலாம், நான் பக்கத்தில் இருப்பேன் என்றார் ஜெனிட்டா.

"முப்பத்திரண்டு வருஷம் ஸ்பேர் பார்ட்ஸோட இருந்தவன் நான். ஒண்ணுகூட என்கிட்ட கெட்டதில்ல," என்றார் தணிகாசலம்.

"கிடங்குல இருக்கிறவரைக்கும் எதுவும் கெடாது சார்."

அவர் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார்.

நான்காம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

சரக்கு சரியில்லை என்றார். எல்லாம் புத்தகத்தில் இருக்கிறபடிதான் மாட்டினாராம். சுவிட்சைப் போட்டால் வருகிறதாம், டிவியில் படமும் தெரிகிறதாம். ரேஸ் ஆரம்பித்து நான்கு நிமிடத்தில் விசிறி மாவு மிஷின் மாதிரி கத்துகிறது, பட்டென்று அணைந்துவிடுகிறது. நல்லவேளை, பங்கஜவல்லியை இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிட்டு, அவள் முன்னால் அணைந்திருந்தால் மானம் போயிருக்கும்.

ஜெனிட்டா பெட்டியைத் தொட்டுப் பார்த்தார். ஒரு ஸ்க்ரூ டிரைவரை அவர் கையில் கொடுத்தார்.

"நீங்க மாட்டினது. நீங்களே கழட்டுங்க."

கழற்றினார். மூடி வந்தது. கூலர் வந்தது. உள்ளே சூடாகிற பிராசசரின் தலைமேல் உட்கார்ந்து, அந்தச் சூட்டை இழுத்து வெளியே தள்ள வேண்டியது அந்தக் கூலர்தான். சூடு தடங்கலில்லாமல் ஏற வேண்டும் என்பதற்காக நடுவில் பட்டாணியளவு பேஸ்ட் வைப்பார்கள். தணிகாசலம் பேஸ்டை அளவாக, அழகாக வைத்திருந்தார்.

கூலரின் அடிப்பாகத்தில், செம்பு இருக்க வேண்டிய இடத்தில், கண்ணாடி மாதிரி ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருந்தது. பேஸ்டை அதன் மேல்தான் வைத்திருந்தார்.

அதில் சிவப்பு எழுத்தில், மாட்டும் முன் உரிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. தணிகாசலம் அதைப் படிக்காமல் இல்லை. படித்தார். மனசு வரவில்லை.

அவருடைய மனசைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். கவர் பிரித்தது பழைய சரக்கு, பிரிக்காதது புதுச் சரக்கு. கிடங்கில் அவர் கற்றது அது. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். அவர் ஸ்கூட்டர் சீட்டுக்கு இன்னும் கடைக் கவர். டிவி ரிமோட் பாலிதீனுக்குள். மருமகன் கொடுத்த கடிகாரத்தில் முள்ளே தெரியாதபடி ஒரு ஸ்டிக்கர். புதிதாக வாங்கிய கன்ட்ரோலரையும், சமையலறையில் பண்டம் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளால் நான்கு சுற்றுச் சுற்றித்தான் வைத்திருந்தார்.

ஜெனிட்டா கூலரில் ஒட்டியிருந்த தாளின் ஒரு மூலையை நகத்தால் நெம்பிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"அது பாதுகாப்புக்கு," என்றார் தணிகாசலம்.

"எதுல இருந்து?"

அவர் யோசித்தார். கீழே ஜெராக்ஸ் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.

"உரிச்சா கீறல் விழாதா?"

"விழும் சார்."

தணிகாசலம் மூலையைப் பிடித்து இழுத்தார். செம்பு பளபளவென்று வந்தது. அவருக்கு உள்ளே ஏதோ ஒன்று சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் துடைத்து, புதிதாகப் பேஸ்ட் வைத்து, அங்கேயே மேசையில் உட்கார்ந்து மாட்டினார். ஜெனிட்டா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். கடை டிவியில் ரேஸ் அரை மணி நேரம் ஓடியது. விசிறி இருக்கிற இடமே தெரியவில்லை.

"ரொம்ப நன்றி மேடம்," என்றார் தணிகாசலம். மேடம் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையில் மறுபடியும் வந்து நின்றார். இந்த முறை பெட்டி இல்லை. கோபமும் இல்லை.

மிஷின் அருமையாக ஓடுகிறது என்றார். நேற்றுச் சாயங்காலம் மனைவியைக் கூப்பிட்டாராம். வந்தாராம். தரையில் உட்கார்ந்து கன்ட்ரோலரைக் கையில் வாங்கினாராம். முதல் வளைவில் உடம்புகூடக் கொஞ்சம் வளைந்ததாம்.

"அப்புறம்?"

"பட்டன அழுத்தி அமுக்காத, பிளாஸ்டிக் கிழிஞ்சிரும்னு சொன்னேன். ஒரு தடவதான் சொன்னேன். கை வேர்க்குதுன்னு கீழ வெச்சுட்டு உள்ள போயிட்டா. அஞ்சு நிமிஷம்கூட உக்காரல."

ஸ்கூட்டர் சாவியை மேசைமேல் வைத்தார்.

"எல்லாம் சரியாத்தான மாட்டியிருக்கேன் மேடம். இன்னும் எதக் கழட்டணும்?"

ஜெனிட்டாவுக்கு அப்போது வேறு ஒருவரோடு பேச்சு நடந்துகொண்டிருந்தது. பேசிக்கொண்டே மேசைக் கண்ணாடிக்கு அடியிலிருந்து அந்தத் துண்டுச்சீட்டை எடுத்தார். அவர் பக்கம் திருப்பி வைத்தார். பார்சல் பிரிக்கிற கட்டரை அதன்மேல் வைத்தார். பிறகு அந்த ஆளோடு விட்ட இடத்திலிருந்து பேசப் போய்விட்டார்.

தணிகாசலம் சீட்டைப் படித்தார். இரண்டு வரிதான். நின்றபடியே வெகுநேரம் படித்தார்.

கட்டரை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பங்கஜவல்லி சமையலறையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். தணிகாசலம் சட்டையைக்கூட மாற்றவில்லை. சோபாவின் இடது கையிலிருந்து ஆரம்பித்தார்.

ஒன்பது வருடத்தில் பிளாஸ்டிக் மஞ்சளாகி, மொடமொடப்பாகியிருந்தது. கிழிகிற சத்தம் வீடெல்லாம் கேட்டது. பங்கஜவல்லி கையில் பீன்ஸோடு சமையலறை வாசலில் வந்து நின்றார்.

தணிகாசலம் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்ல வராது என்று தெரியும்.

"அன்னைக்கு சம்பந்தி முன்னாடி உன்ன அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. தப்பு." கவரை ஒரு இழு இழுத்தார். "நீ நல்லா ஓட்டுவ."

காலடிச் சத்தம் உள்ளே போனது. அவ்வளவுதான் என்று நினைத்தார். ஆனால் கட்டரைக் கீழே வைக்கவில்லை. அடிப்பக்கம், முதுகுப்பக்கம், காலைச் சுற்றியிருந்தது வரைக்கும் கிழித்து, எல்லாவற்றையும் சுருட்டித் தள்ளினார். கவருக்கு அடியில் சோபா கரும்பச்சை வெல்வெட். அது அப்படி ஒரு பச்சை என்பதையே அவர் மறந்திருந்தார்.

பங்கஜவல்லி கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். சோபாவின் நடுவில் உட்கார்ந்தார். கன்ட்ரோலரை எடுத்தார். அதைச் சுற்றியிருந்த தாளை நகத்தால் கீறி, உரித்து, குப்பையோடு போட்டார்.

தணிகாசலம் அதையும் சேர்த்துச் சுருட்டினார்.

பங்கஜவல்லி உள்ளங்கையை வெல்வெட்டின் மேல் வைத்து ஒரு பக்கமாகத் தடவினார். பிறகு திருப்பித் தடவினார்.

"கடையில ஒரு மணி நேரம் தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுத்தான் இத எடுத்தேன்," என்றார்.