பழைய கிளப்புக்கு எதிராய் ஒரு கோல்

இங்கிலாந்தின் கீழ்வரிசைக் கால்பந்து லீக்குகளிலேயே காலத்தை ஓட்டிய ஒரு முன்கள ஆட்டக்காரன் இருந்தான். பெயர் துவாரகன். பெரிய கிளப் எதுவும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சின்னக் கிளப்புகள் கூப்பிட்டன, ஒரு சீசன் வைத்திருந்தன, பிறகு கைகுலுக்கி அனுப்பிவைத்தன. அவன் போட்டுக் கழற்றிய சட்டைகளின் நிறங்களை அவன் மனைவிக்கே வரிசையாகச் சொல்ல வராது.

அங்கே ஆட்டக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. முன்பு ஆடிய கிளப்புக்கு எதிராகக் கோல் அடித்தால் துள்ளக் கூடாது. இரண்டு கையையும் தூக்கி, பழைய ரசிகர்களிடம் மன்னிப்புக் கேட்பதுபோல நிற்க வேண்டும். துவாரகனுக்கோ எதிரே வருவதெல்லாம் பழைய கிளப்தான். பாவம், கோல் அடித்துவிட்டுச் சிரித்தே பல வருடமாகிவிட்டது. பொலீஸ் மடக்கிப் பிடித்தவன் மாதிரி நிற்கிறான் என்று கூட ஆடுகிறவர்கள் கேலி செய்வார்கள்.

இப்போது அவன் ஹார்ல்பி டவுனில் ஆடினான். பயிற்றுநர் யோகலிங்கம். அவனைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் கொஞ்சக் காலம் படிப்பித்ததால் மாஸ்டர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெள்ளைக்கார ஆட்டக்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். தேவைக்கு மேல் ஒரு சொல் பேச மாட்டார்.

சீசனின் கடைசி ஆட்டம் வந்தது. எதிரணி வெல்பரி ரோவர்ஸ். ஹார்ல்பி வென்றால் வெல்பரி ஒரு லீக் கீழே இறங்கும். வெல்லாவிட்டால் இறங்குவது ஹார்ல்பி.

உடைமாற்றும் அறையில் துவாரகன் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு போடாமலே இருந்தான்.

"மாஸ்டர், இண்டைக்கு என்னை விடுங்கோ."

"கால் நோகுதோ?"

"இல்லை. வெல்பரி."

மாஸ்டர் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"முழங்கால் போனபோது ஒரு சீசன் முழுக்க வைச்சுப் பாத்தவங்கள். கோலுக்கு நிக்கிற கொலின்தான் ஒவ்வொரு கிழமையும் தன்ர காரில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவன். அவனுக்கு நான் எப்பிடிக் கோல் அடிக்கிறது?"

"சப்பாத்தைப் போடு" என்றார் மாஸ்டர்.

ஆட்டம் தொடங்கியது. மழை விட்ட மைதானம், இரண்டு பக்கமும் தொண்டை கிழியக் கத்தும் கூட்டம். யாருக்கும் பந்தை நிறுத்தி விளையாடத் துணிவில்லை. எங்கிருந்தோ உதைபட்டு வந்த ஒரு பந்து துவாரகனின் காலடியில் விழுந்தது. எதிரே கொலின் மட்டும். துவாரகன் அவன் முகத்தைப் பார்த்துவிட்டான். அந்த முகத்தைப் பார்த்திருக்கக் கூடாது. பந்தைக் காலின் உட்பக்கத்தால் மெல்லத் தட்டினான். அது உருண்டுபோய்க் கொலினின் கையில் அடங்கியது.

கொலின் பந்தை எடுத்துக்கொண்டு எழுந்தான். துவாரகன் பக்கம் திரும்பவேயில்லை.

சற்று நேரம் கழித்து மூலையிலிருந்து ஒரு கோர்னர் உதை. துவாரகன் தலையால் அடிக்க எழும்பினான். கொலின் கோல் கோட்டிலிருந்து வெளியே ஓடி வந்து, பந்தோடு சேர்த்து அவன் காதையும் குத்திவிட்டுப் போனான்.

இடைவேளைக்கு வந்தபோது யாரும் கோல் அடித்திருக்கவில்லை. புல் ஈரம், வழுக்கிவிட்டது, என்ன செய்வது என்று மற்றவர்கள் துவாரகனின் முதுகில் தட்டினார்கள். அவன் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டான். மாஸ்டர் அந்தப் பந்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஐஸ் பையை எடுத்து அவன் காதில் வைத்து அழுத்தினார்.

"கொலின்தான் மாஸ்டர். ஆரெண்டே தெரியாதவன் மாதிரி குத்திப்போட்டான்."

"மன்னிப்புக் கேட்டவனோ?"

"இல்லை."

"வேற ஆள் தலையால அடிக்க எழும்பியிருந்தால் அவன் கோட்டிலதான் நிண்டிருப்பான். உனக்குப் பயந்துதான் வெளியில வந்தவன்."

அவ்வளவுதான். மாஸ்டர் ஐஸ் பையை அவன் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

இரண்டாம் பாதி முடியப் போகிறது. ஹார்ல்பி கூட்டத்தில் சிலர் அழவே தொடங்கிவிட்டார்கள். அப்போது இடது பக்கமிருந்து பந்து உயர்ந்து வந்தது. கொலின் மறுபடியும் கோட்டிலிருந்து வெளியே ஓடி வருவது துவாரகனுக்குத் தெரிந்தது. அவனும் ஓடினான். இரண்டு பேரும் ஒன்றாக எழும்பினார்கள். கொலினின் கைமுட்டி வந்து சேருமுன் துவாரகன் தன் உடம்பிலிருந்த பலம் முழுவதையும் நெற்றிக்குக் கொண்டுவந்து அடித்தான்.

வலை அசைந்தது.

பழக்கத்தில் கைகள் பாதி உயர்ந்தன. அதற்குள் ஹார்ல்பிக்காரர் எல்லோரும் அவன்மேல் வந்து விழுந்தார்கள். யாரோ பைத்தியக்காரன் மாதிரிக் கத்தினான். அது தான்தான் என்று துவாரகனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

விசில் ஊதியதும் வெல்பரிக்காரர்கள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். பழைய ரசிகர்கள் அவன் பெயரைச் சொல்லித் திட்டினார்கள். துவாரகனால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஒரு காலத்தில் அதே வாய்கள் அவன் பெயரைப் பாட்டாகவே பாடியிருந்தன.

மைதானத்தை விட்டு வெளியேறும் வழியில் கொலின் நின்றான். கண்கள் சிவந்திருந்தன. கையுறையைக் கழற்றிவிட்டுத் துவாரகனின் தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான்.

"காது எப்படி இருக்கு?" என்று கேட்டான்.

கொலின் அவன் தோளை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டு உள்ளே போனான்.

மாஸ்டர் மைதான ஓரத்தில் பந்துகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார். துவாரகன் வந்து பக்கத்தில் குந்தினான்.

"அவனிட்ட நான் மன்னிப்புக் கேக்க வேணும் மாஸ்டர். எப்பிடிக் கேக்கிறது?"

மாஸ்டர் கடைசிப் பந்தையும் போட்டுப் பையின் வாயைக் கட்டினார்.

"எந்தப் பந்துக்கு?" என்று கேட்டார்.