இரண்டு பத்திகளில் ஒரு பெயர்

மலை சரிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. முகாமாக மாறியிருந்த பள்ளிக்கூடத்தில் அடைக்கலசாமி மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். லைன்மேன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். கணினியைத் தொட்டு நான்கு நாள்தான். கற்றுக்கொடுத்த மெஹருன்னிசாவுக்கு அவர் வயதில் பாதி. ஆனாலும் அவருக்கு ‘டீச்சர்’ என்றுதான் வாயில் வரும்.

எதிரே காணாமல் போனவர்களின் பட்டியல். போனில் சொல்லச் சொல்ல, பெயர், வயது, வீடு, தகவல் சொன்னவர் என எல்லாவற்றையும் யாரோ ஒரே கட்டத்துக்குள் அடித்து வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்குள் பிரித்துக் கொடுத்தால்தான் மீட்புப் படை அடுத்து எங்கே தோண்டுவதென்று முடிவு செய்யும்.

“எதை வச்சுப் பிரிக்கிறது, டீச்சர்?”

“கமாவை வச்சு. சொன்னவங்க மூச்சு விட்ட இடமெல்லாம் கமாவா இருக்கும்.”

அவர் அழுத்தினார். நெருக்கியடித்துக் கிடந்தவை விலகி நான்கு பத்திகளாக நின்றன.

சரிபார்த்துக்கொண்டே போனவர் பதினேழாம் வரிசையில் நின்றுவிட்டார். காணாமல் போனவர், செல்லக்கிளி. தோட்டத்து வரிசை வீடுகளில் மூன்றாம் லயம், ஒன்பதாம் வீடு. தகவல் சொன்னவர், செல்லக்கிளி.

அதற்கு மேலே எட்டுப் பேர். அதே வீடு. எல்லோருக்கும் தகவல் சொன்னது அவள்தான்.

“எப்ப வந்த போன் இது?”

மெஹருன்னிசா நோட்டைப் பார்த்தாள். “மூணாம் நாள் மத்தியானம்.”

அந்த வீடு முதல் நாள் விடியலிலேயே மண்ணுக்குள் போய்விட்டது.

“நம்பர் இருக்கு. கூப்பிட்டுப் பாருங்க, சார்.”

கூப்பிட்டார். மணி அடித்தது. அவர் காதில் மட்டுமல்ல, வராந்தாவின் கடைசியிலும் அடித்தது.

போனைக் காதில் வைத்தபடியே நடந்தார். பட்டப்பகலில் வராந்தா முழுக்க மூடுபனி. கடைசி வகுப்பறையில், சின்னப் பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் ஒருத்தி இருந்தாள். காலில் காய்ந்த சேறு. மடியில் போன் அடித்துக்கொண்டேயிருந்தது. அவள் குனிந்து பார்க்கவில்லை.

“ரெண்டாம் நாள் தேயிலைக்குள்ள இருந்து கூட்டிட்டு வந்தாங்க. யாரோடயும் பேசறதில்ல” என்றாள் பக்கத்தில் பாயில் கிடந்த பெண்.

“நீங்கதானா செல்லக்கிளி?”

அவள் நிமிர்ந்தாள். “கிடைச்சிட்டாளா?”

அவர் அழைப்பைத் துண்டித்தார். “நீங்க இங்கதாம்மா இருக்கீங்க” என்றார்.

“ஒம்பது பேரும் ஒண்ணாத்தான் படுத்தோம். எட்டுப் பேர் அங்க மண்ணுக்குள்ள இருக்காங்க. அவ மட்டும் தனியா எங்க போயிருப்பா? நல்லாத் தேடச் சொல்லுங்க.”

திரும்பி வந்தபோது மணி நாலே முக்கால். பதினேழாம் வரிசையில் விரலை வைத்தார்.

“ஆள் இருக்காங்க, டீச்சர். அழிச்சிடட்டுமா?”

“அவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேன். அவங்க நம்பல.”

“அப்ப, அவங்க நம்புற வரைக்கும் யாராவது தேடணும்.”

மெஹருன்னிசா அந்த வரிசையை, தோண்ட வேண்டியவர்களின் பட்டியலிலிருந்து வெட்டி, கணினியிலேயே வேறொரு தாளில் ஒட்டினாள். பிறகு அவர் தோளுக்கு மேல் கை நீட்டி, ஐந்தாவதாக ஒரு பத்தியைச் சேர்த்தாள். ‘தேடுகிறவர்’ என்று தலைப்பு அடித்தாள். கீழே வெறும் கட்டம்.

“அவங்களுக்குன்னு ஒருத்தரும் மிச்சமில்லையே, டீச்சர். இதுல யார் பேரைப் போட?”

“கூப்பிட்டது நீங்கதானே, சார். உங்க பேரைப் போடுங்க.”