வலையா, வளையா?

நாவல் மரத்தடிப் பள்ளிக்கூடத்துக்கு அணில்தான் டீச்சர். நல்ல டீச்சர்தான். ஆனால் ஓர் இடத்தில் நிற்காது!

திங்கட்கிழமை குட்டிகளை வரிசையாக உட்கார வைத்தது. செவ்வாய்க்கிழமை வட்டமாக உட்கார வைத்தது. புதன்கிழமை காலையில், "வால் இருக்கிறவங்க இந்தப் பக்கம், இல்லாதவங்க அந்தப் பக்கம்!" என்றது.

"போன வாரம் வரைக்கும் எனக்கு வால் இருந்துச்சே டீச்சர், நான் எந்தப் பக்கம்?" என்று கேட்டது தவளை.

"நடுவுல உட்காரு!" என்று சொல்லிவிட்டு அணில் முயலிடம் ஓடியது. 'க'வைப் பாதி எழுதிக் காட்டியது. அதற்குள் கீரியின் ஞாபகம் வரவே அங்கே ஓடியது.

கௌதாரிக் குஞ்சு செங்காலி மணலைக் கீறிக்கொண்டிருந்தது.

"டீச்சர், சின்ன 'ல'வும் குண்டு 'ள'வும் எனக்குக் குழம்புது! பலகையைப் படிக்கத் தெரியலை!"

அந்தக் காட்டில் அது விளையாட்டுக் காரியமில்லை. வல்லூறு வந்தால் குட்டிகள் ஒளிந்துகொள்ளப் பொந்துகள் இருந்தன. அவற்றின் முன்னால் 'வளை' என்று பலகை இருக்கும். வேடன் வலை விரித்த இடத்தில், காவல் காக்கும் ஆள்காட்டிக் குருவி 'வலை' என்று எழுதி நட்டுவிடும்.

"நல்ல கேள்வி! இதோ!" என்று அணில் மணலில் ஒரு சுழி போட்டது. உடனே நிமிர்ந்தது. "அடடா, இப்படி உட்கார்ந்தா சரிப்படாது! எல்லாரும் எழுந்திரிங்க, இடம் மாறுங்க!"

"டீச்சர், என் எழுத்து?"

"அப்புறம், அப்புறம்!"

மணலில் போட்ட சுழியை எல்லாரும் மிதித்துக்கொண்டு போனார்கள். செங்காலிக்கு ஒதுக்குப்புறமாகப் புதர் ஓரத்தில் இடம் கிடைத்தது.

அப்போது வல்லூறின் நிழல் விழுந்தது!

"ஓடுங்க!" என்று கத்தியது அணில். மற்ற குட்டிகள் பக்கத்துப் பொந்துகளில் பாய்ந்தன. செங்காலியின் கண்ணில் புதருக்குள் ஒரு பலகை பட்டது. முதல் எழுத்து 'வ'. அடுத்தது சின்னதா, குண்டா? யோசிக்க நேரமில்லை. "வளைதான்!" என்று தலைதெறிக்க உள்ளே ஓடியது.

அது வலை.

புதர் மறைத்ததால் வல்லூறு திரும்பிப் போய்விட்டது. ஆனால் ஆள்காட்டி அலறியது: "ஆள் வருது! ஆள் வருது!" வேடனின் செருப்புச் சத்தம் கேட்டது.

"டீச்சர்! மாட்டிக்கிட்டேன்!"

அணில் பாய்ந்து வந்து ஒரு கயிற்றைக் கடித்தது. பாதியில் விட்டு அடுத்ததற்குத் தாவியது. அதையும் பாதியில் விட்டது. பத்துக் கயிற்றைக் கடித்தும் ஒன்றுகூட அறுபடவில்லை! பழக்கம் லேசில் போகுமா?

செங்காலி அழுதது. "ஒரே இடத்துல இருந்து கடிங்க டீச்சர்! பாதியில விட்டுட்டுப் போகாதீங்க!"

அணிலுக்குச் சுருக்கென்றது. கொஞ்ச நேரத்துக்கு முன்னாலும் குஞ்சு இதைத்தானே கேட்டது! ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. வால் துடித்தது. கால் பரபரத்தது. செருப்புச் சத்தம் புதரை நெருங்கியது. அப்போதும் அணில் அந்தக் கயிற்றை விடவில்லை.

கயிறு அறுந்தது! செங்காலி விருட்டென்று வெளியே பாய்ந்தது. வேடன் கைக்கு மிஞ்சியது இரண்டு இறகுதான்.

மறுநாள் யாரும் இடம் மாறவில்லை. அணில் செங்காலியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

"பாரு கண்ணு, இது சின்ன 'ல'. இந்த வலையில விழுந்தா உயிர் போயிடும். இது குண்டு 'ள'. இந்த வளைக்குள்ள போனா உயிர் பிழைக்கும். இப்ப நீ எழுது."

செங்காலி மூன்று தடவை தப்பாக எழுதியது. நான்காவது தடவை சரியாக எழுதியது. அதுவரைக்கும் அணில் எழுந்திருக்கவே இல்லை.

உட்காரும் இடத்தை மாற்றிக்கொண்டே இருந்தால் படிப்பு வராது. பக்கத்தில் உட்கார்ந்து ஓர் எழுத்தையாவது முழுசாகச் சொல்லித் தந்தால்தான் வரும்.