முதல் சுற்று யாருக்கு?

ஆயுத பூஜைக்காகப் பூங்காவின் ராட்சத ராட்டினத்துக்குப் புதுப் பெயின்ட் அடித்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் விடத்தான் யாருக்கும் மனசு வரவில்லை. சுற்ற ஆரம்பித்தால் பிள்ளை பெறுகிற தாய் மாதிரி அலறும். வருஷா வருஷம் ஆசையாக வருகிறவர்கள் புகார் எழுதி எழுதிச் சலித்துப்போனார்கள்.

முதலாளி ராஜரத்தினம், ராட்டினம் ஓட்டும் பேச்சிமுத்துவைக் கூப்பிட்டார்.

"இன்னிக்கு வரிசையில நிக்கிற ஒருத்தனும் குறை சொல்லி வாயத் திறக்கக் கூடாது. திறந்தா உனக்கு வேலை கிடையாது."

"சரிங்க முதலாளி."

பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, பேச்சிமுத்து மைக்கைப் பிடித்தான்.

"பூஜை போட்டா முதல் சுற்று முதலாளி வீட்டுக்குத்தான். வாங்க பாப்பா!"

முதலாளியின் பேத்தி துள்ளிக்கொண்டு ஓடினாள். ராஜரத்தினம் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "ஏறாதடி!"

வரிசை மொத்தமும் பார்த்தது. ஒருவரும் பேசவில்லை. அவரவர் பிள்ளையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க சொன்னபடியே யாரும் வாயத் திறக்கல முதலாளி" என்றான் பேச்சிமுத்து.

ராஜரத்தினம் தலையைத் தொங்கப்போட்டார். "பூட்டிடு. ரிப்பேர் பார்த்துட்டுத் திறக்கலாம்."

கூட்டம் கலைந்தது. மகனோடு போன ஒரு பெண் மட்டும் பேச்சிமுத்துவின் எதிரே நின்றாள்.

"உங்களுக்கும் தெரியும்தானே? போன வாரம் இவனை நீங்கதானே ஏத்திவிட்டீங்க?"

எல்லாருக்கும் பதில் வைத்திருக்கும் பேச்சிமுத்து, சக்கரத்தடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைக் குனிந்து எடுத்துக்கொண்டு ராட்டினத்தைப் பூட்டப் போனான்.